கழுத்துல சுத்தின கலர்: கேம்பிரிட்ஜ் ஸ்கார்ஃப்களோட கதை

லண்டன்ல வேலைக்காக இருந்தப்போ ஒரு நவம்பர் மாசம், குளிர் தாங்காம ஒரு சேரிட்டி கடைக்குள்ள நுழைஞ்சு பழைய கம்பளி ஸ்கார்ஃப் ஒண்ணு வாங்கினேன். 4 பவுண்டு. கெட்டியான கருப்புத் துணி, நீளவாக்குல பளீர்னு மெஜந்தா கலர்ல கோடு, ஓரத்துல யாரோட பேரோ எழுதின நாடா தைச்சிருந்த இடத்துல வெறும் நூல் தடம் மட்டும் பாக்கி. கலர் பிடிச்சுது, எடுத்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா, என் கழுத்தையே பாத்துட்டு வந்தவங்க, "டவுனிங்கா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, இது கேம்பிரிட்ஜ்ல இருக்கற டவுனிங் காலேஜோட ஸ்கார்ஃபாம், அவங்க தம்பி 60கள்ல அங்க படிச்சப்போ வீட்டுக்கு வந்தா கூட இதைக் கழட்ட மாட்டாராம்.

ரெண்டே ரெண்டு கலர். எழுத்து இல்ல, முத்திரை இல்ல. அதை வெச்சு ஒருத்தர் எந்த ஊர், எந்த யுனிவர்சிட்டி, அதுலயும் எந்த காலேஜ்னு அம்பது வருஷம் கழிச்சும் ஒருத்தரால சொல்ல முடியுது. நம்ம ஊர்ல தோள்ல கிடக்கற துண்டோட கரையைப் பாத்து கட்சி சொல்றோமே, அதே வேலைதான். ஆனா அங்க கேம்பிரிட்ஜ்ல மட்டும் 31 காலேஜ், ஆக்ஸ்ஃபோர்டுல 30க்கு மேல, இது போக டர்ஹம், லண்டன்னு எல்லா இடத்துலயும் ஆளுக்கொரு கோடு. இத்தனை கலரும் எங்க இருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான், இன்னும் விடல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா பலரும் இதைத் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. அங்க காலேஜ்னா நம்ம ஊர் மாதிரி டிகிரிக்குப் பேர் போன இடம் இல்ல. டிகிரி கொடுக்கறது யுனிவர்சிட்டி, காலேஜ்ங்கறது நீங்க தங்கற, சாப்பிடற, டியூட்டரோட உட்கார்ந்து படிக்கற வீடு மாதிரி. அதனால "நான் கேம்பிரிட்ஜ்"னு சொல்றதை விட "நான் கிங்ஸ்", "நான் ஜீசஸ்"னு சொல்றதுலதான் அவங்களுக்கு ஒட்டுதல் ஜாஸ்தி. கருப்பு கவுன் இருக்கே, அது யுனிவர்சிட்டியோட சொத்து, யார் எப்ப எந்த நீளத்துல போடலாம்னு அதுக்கு சட்டம் உண்டு. கேம்பிரிட்ஜ்ல பொண்ணுங்களுக்கான கர்ட்டன் காலேஜ் 1869லயே வந்தாச்சு, ஆனா பொண்ணுங்களுக்கு முழு டிகிரி கொடுத்தது 1948லதான், அதுவரைக்கும் அவங்களுக்கு அந்த கவுனும் கிடையாது. ஸ்கார்ஃபுக்கு அப்படி எந்த சட்டமும் இல்ல. அது மாணவர்களே, அதுவும் அவங்க விளையாட்டு கிளப்புகள் மூலமா, தாங்களா உண்டாக்கிக்கிட்டது. இதனாலேயே எனக்கு கவுனை விட ஸ்கார்ஃப் மேலதான் பிரியம்.

இப்ப கலருக்கு வரேன். காலேஜ் கொடி, சின்னம், ராஜா கொடுத்த கேடயம் இதுல இருந்துதான் கலர் வந்திருக்கும்னு நாம நெனைப்போம். சிலதுக்கு அப்படி இருக்கலாம். ஆனா ஆழமா போனா பெரும்பாலும் நாம போய் நிக்கறது ஆத்தங்கரையில. படகுப் போட்டிதான் ஆரம்பம்.

கேம் ஆறு ரொம்பக் குறுகல், ரெண்டு படகு பக்கத்துல பக்கத்துல போட்டி போட இடம் பத்தாது, அதனால அங்க ஒரு தனி முறை, பம்ப்ஸ்னு பேரு, 1820கள்ல இருந்தே நடக்குது. படகுங்க எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, நடுவுல ஒன்றரை படகு நீளம் இடைவெளி விட்டு வரிசையா நிக்கும், பீரங்கி வெடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பி முன்னால இருக்கற படகைத் துரத்திப் போய் முட்டணும். முட்டிட்டா மறுநாள் அந்த இடம் உங்களுக்கு. கரையில நின்னு பாக்கற கூட்டத்துக்கு, ஆறு வளைஞ்சு வளைஞ்சு வர்ற அந்த இடத்துல, தூரத்துல வர்றது எந்தக் காலேஜ் படகுன்னு எப்படித் தெரியும்? ஆட்கள் முகம் தெரியாது, அவங்க உட்கார்றதே முதுகைக் காட்டிக்கிட்டுத்தான். அப்ப துடுப்போட தட்டையிலயும் சட்டையிலயும் கலர் அடிச்சாத்தான் உண்டு. அர்த்தத்துக்காக இல்ல, அடையாளத்துக்காக. தண்ணி மேல தூரத்துல இருந்து பாத்தா பளிச்னு தெரியணும், பக்கத்துக் காலேஜோட கலரா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

செயின்ட் ஜான்ஸ் காலேஜோட படகு கிளப், லேடி மார்கரெட்னு பேரு, 1825ல ஆரம்பிச்சது. அவங்க போட்ட கோட்டு நெருப்பு மாதிரி செவப்பு, அந்த ஜொலிப்புக்காகத்தான் அதை ப்ளேஸர்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் நாம போட்டுட்டுப் போற ப்ளேஸர்ங்கற சொல்லே அங்க இருந்து வந்துதான்னு சொல்றாங்க. இப்ப ப்ளேஸர் நேவி ப்ளூவுல வந்தாலும் பேருக்குள்ள அந்த நெருப்பு இருந்துக்கிட்டேதான் இருக்கு.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவுல முதல் படகுப் போட்டி 1829 ஜூன் 10, தேம்ஸ் கரையில ஹென்லிங்கற ஊர்ல நடந்துச்சு. ஹாரோ ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், சார்ல்ஸ் வேர்ட்ஸ்வொர்த்தும் சார்ல்ஸ் மெரிவேலும், ஆளுக்கொரு யுனிவர்சிட்டிக்குப் போயி அங்க இருந்து சவால் விட்டுக்கிட்டதுல பிறந்த போட்டி அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள்ல கிறைஸ்ட் சர்ச் காலேஜ்காரங்க ஜாஸ்தி, அவங்க படகு கலர் கருநீலம், அதுதான் கடைசியில மொத்த யுனிவர்சிட்டியோட கலரா நிலைச்சுது. கேம்பிரிட்ஜுக்கு அப்ப நீலமே கிடையாது. 1836ல ரெண்டாவது போட்டி லண்டன்ல, கிளம்பப் போற நேரத்துல படகு முனையில கட்டறதுக்குக் கலர் எதுவும் இல்லையேன்னு யாரோ சொல்ல, ஒருத்தர் பக்கத்துக் கடைக்கு ஓடிப் போய் ஈட்டன் ஸ்கூலோட வெளிர்நீலத்துல ஒரு ரிப்பன் துண்டு வாங்கிட்டு வந்து கட்டினாராம். கேம்பிரிட்ஜ் ஜெயிச்சுது. கலர் நின்னுடுச்சு. கடைசி நிமிஷத்துல கடையில கிடைச்ச ஒரு துண்டு ரிப்பன்தான் இன்னைக்கும் கேம்பிரிட்ஜ் ப்ளூ. ஆனா இப்ப அதை நேர்ல பாத்தா நீலம்னு சொல்ல மனசு வராது, பாசி கலந்த ஒரு வெளிர்பச்சைதான் என் கண்ணுக்குத் தெரியுது.

இதுல இருந்துதான் விளையாட்டுல யுனிவர்சிட்டிக்காக ஆடினவங்களை "ப்ளூ வாங்கினார்"னு சொல்ற பழக்கம். ரஞ்சித்சிங்ஜி 1893ல கேம்பிரிட்ஜ்ல கிரிக்கெட் ப்ளூ வாங்கினவர், நம்ம ரஞ்சி டிராஃபிக்குப் பேர் கொடுத்த அதே ரஞ்சி. அந்த டிராஃபியோட முதல் மேட்ச் 1934ல நம்ம சேப்பாக்கத்துலதான் நடந்துச்சுங்கறது தனிக் கதை.

சட்டை, தொப்பி, ரிப்பன், கோட்டு, இதுக்கெல்லாம் அப்புறம்தான் ஸ்கார்ஃப். துடுப்பு போட்டு வேர்த்து நிக்கற ஆளுக்கு அந்த ஊர்க் காத்து எமன். கேம்பிரிட்ஜ் தட்டையான சதுப்பு நிலம், ரஷ்யாவோட ஊரல் மலையில கிளம்பற காத்துக்கு நடுவுல தடுக்கறதுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அந்த ஊர்க்காரங்களே சொல்வாங்க. அதனால கிளப் கலர்ல கம்பளித் துணி கழுத்துக்கு வந்துச்சு. முதல்ல படகு கிளப்புக்கு ஒண்ணு, ரக்பி கிளப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருந்து, போகப் போக காலேஜ் முழுசுக்கும் பொதுவா ஒண்ணுன்னு ஆயிடுச்சு.

அந்தக் குளிர் பத்தி நமக்கு நல்லாத் தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் இருக்கார். ராமானுஜன் 1914 ஏப்ரல்ல இங்கிலாந்து போய் இறங்கினார், ட்ரினிட்டி காலேஜ். அப்ப கிங்ஸ் காலேஜ்ல படிச்சிட்டு இருந்த மஹலனோபிஸ், பின்னால இந்தியப் புள்ளியியலோட தந்தைன்னு பேர் வாங்கினவர், ஒருநாள் ராமானுஜன் ரூமுக்குப் போறார். நெருப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கார் மனுஷன். ராத்திரி குளிர் தாங்குதான்னு கேட்டா, ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டு மேல ஒரு சால்வையும் சுத்திக்கிட்டுத்தான் தூங்கறேன், அப்பவும் குளிருதுன்னு சொல்றார். மஹலனோபிஸ் உள்ள போய்ப் பாத்தா கட்டில்ல கம்பளி இருக்கு, ஆனா அந்த ஊர் வழக்கப்படி மேல விரிப்போட சேத்து நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகி வெச்சிருக்கு, அதுக்குள்ள நுழைஞ்சு படுக்கணும்னு ராமானுஜனுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கல. இதைப் படிக்கறப்போ எல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கும்பகோணத்துல இருந்து போன ஒருத்தர், கம்பளி மேலயே படுத்துக்கிட்டு குளிர்ல நடுங்கியிருக்கார்.

சரி, என் கழுத்துல இருந்த மெஜந்தாவுக்கு வரேன். டவுனிங் காலேஜ் 1800ல ஆரம்பிச்சது, பிரதமர் இருக்கற டவுனிங் ஸ்ட்ரீட்டைக் கட்டினவரோட பேரன் விட்டுட்டுப் போன சொத்துல. ஆனா 1800ல மெஜந்தாங்கற கலர் பேரே உலகத்துல கிடையாது. 1856ல லண்டன்ல வில்லியம் பெர்கின்னு 18 வயசுப் பையன், மலேரியாவுக்கான கொயினா மருந்தை லேப்லயே செய்ய முடியுமான்னு பாக்கப் போய், நிலக்கரித் தாருல இருந்து எடுத்த சரக்குல தற்செயலா ஒரு ஊதாச் சாயம் கிடைச்சுது. உலகத்தோட முதல் செயற்கைச் சாயம்னு பேர் வாங்கினது அதுதான். அதுக்குப் பின்னாலயே ஃபிரான்ஸ்ல வெர்கங்கறவர் அடிக்கற செவப்பு ஊதாவுல இன்னொண்ணு கண்டுபிடிச்சார், அந்த நேரத்துல இத்தாலியில 1859 ஜூன் 4ல மெஜந்தாங்கற ஊர்ல ஃபிரெஞ்சுப் படை ஜெயிச்ச சண்டை நடந்துச்சு, அந்த ஊர் பேரையே கலருக்கு வெச்சுட்டாங்க. அதனால அந்தக் காலேஜ் தன் கலரை மெஜந்தான்னு சொல்லுதுன்னா அந்தப் பேர் 1859க்கு அப்புறம்தான் அங்க வந்திருக்க முடியும். காலேஜ் பழசு, கட்டடம் பழசு, ஸ்கார்ஃப் கலர் மட்டும் தார்ல இருந்து வந்த புதுச் சரக்கு. கண்ணைக் குத்தற ரோஸ், ஊதா எல்லாம் கம்பளியில சுலபமா, மலிவா கிடைச்சதும் அதுக்கு அடுத்த அம்பது வருஷத்துலதான்.

இன்னொரு பக்கம் கருநீலம். எந்த காலேஜ் ஸ்கார்ஃப் அலமாரியைப் பாத்தாலும் பாதிக்குப் பாதி நேவி ப்ளூ, ட்ரினிட்டியோடதே நேவியில மஞ்சள், செவப்பு, மஞ்சள்னு மெல்லிசா மூணு கோடு. ஜெர்மனிக்காரங்க 1897ல செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வர்ற வரைக்கும் இங்கிலாந்து கம்பளியோட கருநீலம் அவுரிச் செடிதான். அதுல பெரும்பங்கு வங்காளத்துல இருந்து, கொஞ்சம் நம்ம மெட்ராஸ் மாகாணத்துல இருந்து, தென்னாற்காடு, கடப்பா பக்கம் அவுரி போட்டு, தொட்டியில ஊற வெச்சு அடிச்சு எடுத்த நீலக்கட்டி கப்பல் ஏறிப் போச்சு. மெஜந்தாவுக்குப் பேர் வெச்ச அதே 1859ல வங்காளத்துல நதியா ஜில்லாவுல விவசாயிங்க இனிமே அவுரி போட மாட்டோம்னு எழுந்து நின்னாங்க, நெல்லு போட வேண்டிய நிலத்துல கட்டாயப்படுத்தி அவுரி போட வெச்ச கொடுமைக்கு எதிரா. தேம்ஸ் கரையில ரெண்டு நீலத்துக்கு நடுவுல யார் ஜெயிச்சாங்கன்னு பெரிய பெரிய புத்தகம் எல்லாம் எழுதியிருக்காங்க, அந்த நீலத்தைத் தொட்டியில இடுப்பளவு நின்னு மிதிச்சவங்களையும் அதுல எழுதணும்ங்கறது என் ஆசை.

துணியைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்த ஸ்கார்ஃபுக்கு அந்தக் கோடு வந்ததே துணியோட குணத்தால. இதுல கோடு நெசவுல வர்றதில்ல. ஒவ்வொரு கலரும் தனித்தனியா நெய்து சாயம் போட்ட கம்பளித் துணி, அதை நீள நீளமா கீறி, பக்கத்துல பக்கத்துல வெச்சுத் தைக்கறாங்க. சாக்ஸனின்னு அந்தத் துணிக்குப் பேரு, 1765ல ஸ்பெயின் ராஜா ஜெர்மனியில சாக்ஸனி நாட்டுக்கு அனுப்பின மெரினோ ஆடுங்களோட வாரிசுல இருந்து வந்த மெல்லிசு கம்பளியால அந்தப் பேர். நெய்த துணியைச் சுடுதண்ணியிலயும் சோப்புலயும் போட்டு அடிச்சு அடிச்சு சுருக்குவாங்க, இழை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி நெசவே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறுகிடும். அப்படி இறுகின துணியை எங்க வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடிச்சுத் தைக்கத் தேவையில்ல. அதனாலதான் 6 அடி நீளத்துக்கு விரல் அகலக் கோடு கூட நேரா நிக்குது. கலர் பத்தாம போனாலும் பிரச்சினை இல்ல, ஏன்னா அதே ரெண்டு கலரை அகலம் மாத்தி, எண்ணிக்கை மாத்தி வெச்சா வேற காலேஜ். ஆக்ஸ்ஃபோர்டு ஓரியல் கருநீலத்துல ரெண்டு வெள்ளைக் கோடு, கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸும் நீலம் வெள்ளைதான், ஆனா நீலமே வேற. கிங்ஸ் காலேஜ் ஊதாவுல வெள்ளை, கிறைஸ்ட்ஸ் பழுப்புல வெள்ளை, குயின்ஸ் பச்சையில வெள்ளை. வெள்ளையை எடுத்துட்டு கருப்பை வெச்சா ஜீசஸ் செவப்பு கருப்பு, கிளேர் மஞ்சள் கருப்பு. கேம்பிரிட்ஜ்ல கிங்ஸ் பரேடுல ரைடர் அண்ட் ஏமீஸ்னு பழைய கடை ஒண்ணு இருக்கு, அங்க எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வெச்சுப் பாக்கறப்போதான் இந்தக் கணக்கு புரியும். யுனிவர்சிட்டி டீம்ல யார் யாருக்கு இடம்னு லிஸ்ட் ஒட்டறதும் காலங்காலமா அந்தக் கடை ஜன்னல்லதான்.

ரெண்டாம் உலகப் போர் நேரத்துல 1941ல இருந்து 1949 வரைக்கும் இங்கிலாந்துல துணிக்கு ரேஷன், கூப்பன் இல்லாம கம்பளி கிடையாது. ரேஷன் எடுத்த அப்புறம்தான் ஸ்கார்ஃப் உச்சத்துக்குப் போச்சு. கடற்படையில மிச்சமான டஃபல் கோட்டு மலிவா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, மேல அது, கழுத்துல காலேஜ் ஸ்கார்ஃப், 50கள் 60கள்ல ஸ்டூடண்ட்னு படம் வரையச் சொன்னா அதைத்தான் வரைவாங்க. 1958 ஈஸ்டருக்கு லண்டன்ல இருந்து ஆல்டர்மாஸ்டன் வரைக்கும் அணுகுண்டுக்கு எதிரா நடந்தாங்களே, அந்தக் கூட்டத்துலயும் இதே கோட்டும் ஸ்கார்ஃபும்தான். படகுக்காகப் பிறந்த துணி போராட்டத்துக்கும் நடந்து போச்சு, எனக்கு இந்த ஸ்கார்ஃப் வரலாறுலயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

60கள்ல புதுசு புதுசா யுனிவர்சிட்டி வந்தப்போ கதை தலைகீழாச்சு. பழைய இடங்கள்ல கலர் முதல்ல வந்து அர்த்தம் பின்னால ஒட்டிக்கிச்சு, புது இடங்கள்ல அர்த்தத்தை யோசிச்சு கலரை எடுத்தாங்க. லங்காஸ்டர், 1964, செவப்பும் குவேக்கர் சாம்பலும்: செவப்பு அந்த ஊர் ரோஜாவுக்கு, சாம்பல் அந்தப் பக்கம் வேர் விட்ட குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்களுக்கு, அவங்களைத் தொடங்கி வெச்ச ஜார்ஜ் ஃபாக்ஸை அடைச்சு வெச்சதே அந்த ஊர்க் கோட்டையிலதான். டர்ஹம் 1832லயே வந்த இடம்னாலும் அதுவும் இந்த வகைதான், பிஷப்பே ராஜா மாதிரி ஆண்ட பாலட்டினேட் நாடு அது, அதனால அந்த யுனிவர்சிட்டியோட ஊதாக் கலருக்கே பாலட்டினேட்னு பேரு, விளையாட்டுல ப்ளூவுக்குப் பதிலா அங்க பாலட்டினேட் வாங்குவாங்க. கேம்பிரிட்ஜ்ல சர்ச்சில் பேர்ல 1960ல வந்த காலேஜுக்கு பழுப்பும் ரோஸும். இது என்னடா சேர்க்கைன்னு தோணும், ஆனா அது சர்ச்சிலோட குதிரைப் பந்தயக் கலர். அவங்க அப்பா ராண்டால்ஃப் குதிரைங்களை ஓட விட்ட ரோஸும் சாக்லேட்டும், மகன் 75 வயசை நெருங்கறப்போ 1949ல கொலோனிஸ்ட்னு ஒரு குதிரை வாங்கி அதே கலர்ல ஓட விட்டார். அங்கயும் பாருங்க, தூரத்துல ஓடற குதிரையை அடையாளம் காட்டறதுக்காக எடுத்த கலர்தான்.

இப்ப பசங்க அதிகமா போடறது காலேஜ் பேர் போட்ட ஹுடிதான். துவைக்க சுலபம், விலையும் பரவாயில்ல. ஆனா அதுல எழுத்து இருக்கு, யார் வேணா படிச்சுடலாம். ஸ்கார்ஃபைப் படிக்கறதுக்கு கலர் தெரிஞ்சிருக்கணும், அந்த பஸ் அம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரி.

என்னோடது சென்னைக்கு வந்த ரெண்டாவது வருஷம் மெஜந்தா கோடு ஒரு ஜாண் நீளத்துக்குத் தையல் விட்டுடுச்சு. தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். பிரிஞ்ச இடத்துல ரெண்டு விரலை உள்ள விட்டுத் தடவிப் பாத்தார், ஓரத்துல நகத்தால சுரண்டிப் பாத்தார், ஒரு நூல் கூட வரல. "இதுக்கு ஓரம் அடிக்கவே வேணாம் சார், துணி பிரியற ஜாதி இல்ல, சும்மா ஒட்டி ஒரு ஓட்டு ஓட்டினா போதும்"னார். அப்புறம் நூல் டப்பாவைக் கவுத்து தேடினார், அந்த மெஜந்தாவுல நூல் சிக்கவே இல்ல, கடைசியில கருப்பு நூல்லயே தைச்சுக் கொடுத்தார். 30 ரூபா வாங்கினார்.